சுவருக்கு அப்பால் எறியப்பட்டவை: கெய்ரோ மாநகரின் குப்பை வரலாறு

கெய்ரோவின் பழைய நகரை ஒட்டி, அதன் கிழக்கு எல்லையில், அல்அஸ்ஹர் பூங்கா அமைந்துள்ளது. சுமார் 74 ஏக்கர் பரப்புள்ள அதன் மேட்டில் நின்று மேற்கே நோக்கினால், அத்தர்புல் அஹ்மர் என்னும் பழம்பெரும் குடியிருப்பின் நெருங்கிய கூரைகளும் அவற்றினூடே எழும் மனாராக்களும் தெரியும். தெற்கே ஸுல்தான் ஸலாஹுத்தீனின் கோட்டை. கிழக்கே அடக்கத்தலங்கள், அவற்றுக்கும் அப்பால் முகத்தம் மலை. 2005இல் திறந்து வைக்கப்பட்ட அப்பூங்காவின் எழிலைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இங்கு பேச எடுத்துக்கொண்டது அந்த எழிலையன்று. அது நிற்கும் மேட்டை.

அம்மேடு இயற்கை தந்ததன்று. தலைமுறை தலைமுறையாக நகரத்தார் மதிலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிய குப்பையும் இடிபாடும் சேர்ந்து எழுந்த குன்று அது. வீட்டை விட்டு அகன்றால் போதும், தெருவை விட்டு அகன்றால் போதும், மதிலைத் தாண்டினால் போதும் என்று அகற்றப்பட்டவை எங்கும் போய்விடவில்லை. அவை அங்கேயே கிடந்தன, வளர்ந்தன, கடைசியில் அந்த மதிலையே மூடிவிட்டன. ஒரு நகரம் தன் குப்பையோடு கொண்ட உறவை ஆயிரம் ஆண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து பார்க்க வாய்ப்பளிக்கும் இடங்கள் உலகில் சிலவே. கெய்ரோ அவற்றுள் ஒன்று. நம் சமுதாயம் தூய்மையை ஈமானோடு சேர்த்துப் பேசும் சமுதாயம் என்பதால், அந்த வரலாறு நமக்குக் கூடுதலாகவே சொல்ல வேண்டியது உண்டு.

பெருமையும் உண்மையும்

இஸ்லாமிய நாகரிகம் குறித்து எழுதுவோர், ஐரோப்பிய நகரங்கள் சேற்றில் புதைந்து கிடந்த காலத்தில் முஸ்லிம் நகரங்கள் நீராடு மன்றங்களோடும் தளமிட்ட வீதிகளோடும் விளங்கின என்று எழுதுவது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அதுவே முழு உண்மை என்று கொள்வோமானால், அந்நகரங்களில் வாழ்ந்த நம் முன்னோர்களே எழுதி வைத்த சாட்சியங்களை நாம் மறைத்தவர்களாவோம்.

அத்தகைய சாட்சியங்களுள் ஒன்று மருத்துவ மேதை அலீ இப்னு ரிள்வானுடையது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் ஜீஸாவில் பிறந்தவர். ரொட்டி சுடுபவர் ஒருவரின் மகன். பெரும்பாலும் தாமே நூல்களைக் கற்றுத் தேர்ந்து, ஃபாத்திமியர் ஆட்சியில் எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தவர். எகிப்து நாட்டில் உடல் நலக் கேடுகளைத் தவிர்க்கும் வழி குறித்து அவர் எழுதிய நூலில், கி.பி. 641 வாக்கில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) நிறுவிய ஃபுஸ்தாத் நகரின் நிலை விவரிக்கப்படுகிறது. செத்த பூனை, நாய் முதலியவற்றை அவ்வூரார் தெருக்களிலும் சந்துகளிலும் எறிந்துவிடுகின்றனர் என்கிறார்; அவை அழுகி, அந்நாற்றம் காற்றில் கலக்கிறது. தாம் குடிக்கும் நைல் நதியிலேயே கழிவுகளை இடுகின்றனர். மலக்குழிகளின் நீரும் அதிலேயே சேர்கிறது. தெருக்கள் குறுகியவை, கட்டடங்கள் உயர்ந்தவை. கிழக்கே முகத்தம் மலை காற்றைத் தடுத்து நிற்கிறது. நீராடு மன்றங்களின் அடுப்புப் புகை மேலே கவிகிறது. கி.பி. 969இல் (ஹி. 358) எழுந்த புதுநகரான அல்காஹிராவை, ஃபுஸ்தாத்தைவிடத் திறந்த வெளியும் தூய்மையும் உடையதாக அவர் மதிப்பிட்டார்.

அதே ஃபுஸ்தாத்தை 1047இல் எகிப்துக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ வியந்து எழுதினார். பல அடுக்கு மாளிகைகளையும் விளக்கேற்றிய அங்காடிகளையும் கண்ட அவர், அங்குள்ள கடைக்காரர்கள் பொருளை விற்கும்போது அதை இட்டுக் கொடுக்கும் கண்ணாடிக் கலத்தையோ மண்கலத்தையோ தாளையோ தாமே தருகின்றனர், வாங்குபவர் பாத்திரம் கொண்டுவரத் தேவையில்லை என்று குறித்தார். வளத்தின் அடையாளமாக அவர் கண்ட அந்தத் தாளும் கலமும் மறுநாள் எங்கே போயின என்பதை அவர் கேட்கவில்லை. பயணி செல்வத்தைக் கண்டார். மருத்துவர் அதன் மறுபக்கத்தைக் கண்டார். இருவரும் பொய் சொல்லவில்லை.

வீட்டின் உள்ளும் வாசலின் வெளியும்

ஃபுஸ்தாத் மக்கள் தூய்மையை அறியாதவர்களா? அல்லர் என்று அகழாய்வு விடை தருகிறது. 1964 முதல் அங்கு அகழ்வுப் பணி நடத்திய அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஸ்கான்லன், வீடுகளின் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த கழிவுக் குழிகளையும், மாடியிலிருந்து கழிவு இறங்கும் குழாய்களையும், கால்வாய்களையும் வெளிக்கொணர்ந்தார். வீட்டுக்குள் கழிவைக் கையாள அவ்வளவு செலவும் நுட்பமும் செலுத்தப்பட்டிருந்தன.

அதே நகரின் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் கிடைத்த, கெனிஸா எனப்படும் பழந்தாள் தொகுதியும் இதற்குத் துணை நிற்கிறது. அறக்கட்டளைக்குச் சொந்தமான வீடுகளின் கணக்குச் சீட்டுகளில், வாடகை வரவுக்கும் பழுதுபார்ப்புச் செலவுக்கும் இடையே, குப்பை அகற்றியதற்கான கூலியும் கழிவுக் குழி துப்புரவு செய்ததற்கான செலவும் பதிவாகியுள்ளன. குப்பை அகற்றுவது அன்றே கூலி பெறும் ஒரு தொழில். அது கணக்கில் எழுதப்படும் செலவு.

ஆக, வீட்டுக்குள் ஒழுங்கு இருந்தது. கூலிக்காரரின் கூடையில் குப்பை ஏறும் வரை அது யாருடையது என்பதில் ஐயமில்லை. வாசலைத் தாண்டிய பிறகு அது யாருடையது என்பதில்தான் குழப்பம். இப்னு ரிள்வான் கண்ட நாற்றம் அந்தக் குழப்பத்தின் நாற்றமே எனலாம். நம் சட்ட அறிஞர்களும் சரியாக அந்த இடத்தில்தான் தம் சிந்தனையைச் செலுத்தினர்.

பாதையின் உரிமை

ஈமானின் கிளைகளுள் மிக எளியது பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது என்னும் நபிமொழியை அறியாத முஸ்லிம் குழந்தை இல்லை. பாதைக்கும் ஓர் உரிமை உண்டு, அதை அதற்குக் கொடுங்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியும், மக்கள் நடக்கும் வழியிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதைக் கண்டிக்கும் நபிமொழியும் நன்கு அறியப்பட்டவை. இவற்றை அறவுரைகளாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். ஃபிக்ஹு அறிஞர்கள் அவற்றை அவ்வாறு விட்டுவிடவில்லை. பொறுப்பை வரையறுக்கும் விதிகளாக வளர்த்தெடுத்தனர்.

முதலில் அவர்கள் தெருவை இரண்டாகப் பிரித்தனர். இருபுறமும் திறந்த தெரு எல்லா மக்களுக்கும் உரியது. ஒரு முனை அடைபட்ட முட்டுச்சந்து அதில் வாசல் உடையோர் அனைவருக்கும் கூட்டாக உரியது. எது எவருடையது என்பது தெளிந்தால்தான், எதைத் தூய்மையாக வைப்பது எவர் கடமை என்பதும் தெளியும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ், 1058–1111) தம் இஹ்யா உலூமித்தீனில், நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமையைப் பேசும் பகுதியில், தெருக்களில் நிகழும் தீமைகளைத் தனியே தொகுத்துள்ளார். தெரு ஓரத்தில் குப்பை கொட்டுதல், பழத்தோலைச் சிதற விடுதல், வழுக்குமளவு நீர் தெளித்தல், கசாப்புக் கடைக்காரர் கடை வாசலிலேயே அறுத்துத் தெருவை இரத்தத்தால் அசுத்தப்படுத்துதல், வழியை அடைத்துக் கால்நடைகளைக் கட்டுதல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அதனினும் சிறப்பு, தேங்கி நிற்கும் நீரையும் சேற்றையும் பற்றி அவர் காட்டும் வேறுபாடு. அது குறிப்பிட்ட ஒருவரின் நீர்த்தூம்பிலிருந்து வந்ததாயின், அதை அகற்றுவது அவர் மீதே கடமை. பொதுவாகப் பெய்த மழையால் வந்ததாயின், மக்களைக் கொண்டு அதை அகற்றச் செய்வது ஆட்சிப் பொறுப்பாளர் மீது கடமை. எல்லோர் மீதும் கடமை என்று பொதுவாகச் சொல்லி அவர் நிறுத்தவில்லை.

இமாம் நவவீ (ரஹ், 1233–1277) எழுதிய மின்ஹாஜுத் தாலிபீன், நம் ஊர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் தலைமுறைகளாக ஓதப்பட்டு வரும் நூல். அதில் இழப்பீட்டைப் பேசும் பகுதியில் ஒரு விதி வருகிறது. பாதையில் ஒருவர் குப்பையையோ பழத்தோலையோ எறிந்து, அதனால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால், சரியான கருத்தின்படி எறிந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். தெருவை நோக்கி நீர்த்தூம்பு அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதனால் அழிவு நேர்ந்தால், மத்ஹபின் பிந்திய கருத்தின்படி, அமைத்தவர் ஈடு தர வேண்டும். பழத்தோல் ஒன்று ஃபிக்ஹு நூலில் இழப்பீட்டு அதிகாரத்தில் இடம்பெற்றதை எண்ணிப் பார்க்க வேண்டும். குப்பை எறிவது பண்பாட்டுக் குறை மட்டுமன்று. அது பிறர் உடலின் மீதும் உயிரின் மீதும் செய்யும் செயல் என்று நம் சட்டம் கருதியது.

இவ்விதிகள் இருந்தன என்பதைக் கொண்டு தெருக்கள் தூய்மையாக இருந்தன என்று முடிவுகட்டுதல் தவறு. மக்கள் பழத்தோல் எறிந்ததால்தான் பழத்தோல் பற்றிய விதி வந்தது. விதி, குறையின் சாட்சியும் ஆகும்.

முஹ்தஸிபின் கோலும் அதன் எல்லையும்

விதியை வீதியில் நிறைவேற்ற அமைந்த பதவியே ஹிஸ்பா. அதன் அலுவலர் முஹ்தஸிப். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் ஷைஸரீயும், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் இப்னுல் உகுவ்வாவும் அவருக்காகக் கையேடுகள் எழுதினர். எடைக்கல்லைச் சோதிப்பது முதல் ரொட்டிக் கடையின் மாவுத் தொட்டியைப் பார்ப்பது வரை அவர் பணி விரிந்தது. தெருவில் கழிவுநீர் வடியவிடும் வீட்டாரைத் தடுப்பதும், கடையின் திண்ணை வழியை ஆக்கிரமிக்காமல் காப்பதும் அவற்றுள் அடங்கும்.

செலவு யாருடையது? 11ஆம் நூற்றாண்டின் மாவர்தீ தம் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் இதற்கு ஒரு வரிசை வகுத்தார். ஊரின் குடிநீர் ஏற்பாடு பழுதுபட்டாலோ மதில் இடிந்தாலோ, பைத்துல்மாலில் பணம் இருப்பின் அதிலிருந்து செலவிட வேண்டும். இல்லையேல் ஊரில் வசதி படைத்தோர் அனைவர் மீதும் அப்பொறுப்பு சாரும். அரசிடம் பணமில்லை என்பது பணி நிற்பதற்குக் காரணமாகாது. செல்வருக்கும் அது தம் பணியன்று என்று ஒதுங்க இடமில்லை. இவ்விரண்டுக்கும் துணையாக வக்ஃபு நின்றது. மம்லூக்கியர் காலத்துப் பெரும் பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள் ஆகியவற்றின் வக்ஃபுப் பத்திரங்களில், பெருக்குவோருக்கும் நீர் தெளிப்போருக்கும் உரிய ஊதியம் ஆசிரியர்களின் ஊதியத்தோடு சேர்த்து எழுதப்பட்டது.

ஆயினும் பதவி என்பது அதில் அமர்பவரைப் பொறுத்தது. கெய்ரோவின் பெரும் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (1364–1442) தாமே 1399இல் (ஹி. 801) அந்நகரின் முஹ்தஸிபாக அமர்த்தப்பட்டார், சில ஆண்டுகளுக்குள் அப்பதவி அவருக்கும் பத்ருத்தீன் அல்ஐனீக்கும் பிறருக்கும் இடையே மாறி மாறிச் சென்றது. ஆலிம்கள் வகித்த அப்பதவி பின்னர் பணத்துக்கும் செல்வாக்குக்கும் கிடைப்பதாகி, படை அமீர்கள் கைக்கும் போயிற்று. கொடுத்த பணத்தை மீட்கும் நோக்கோடு வருபவர் கண்ணில் கடைக்காரரின் தராசு படும். சந்தின் சாக்கடை படாது.

அகற்றிய குப்பை எங்கே சென்றது?

தெருவிலிருந்து எடுத்ததில் ஒரு பங்குக்கு நல்ல வழி இருந்தது. நகரின் ஹம்மாம்களில் நீரைச் சூடாக்கும் அடுப்புகள் விறகுக்கு அலைந்தன. மரம் அரிதான நாடு எகிப்து. எனவே எரியக்கூடிய குப்பை அவ்வடுப்புகளுக்குச் சென்றது. அச்சூட்டிலும் சாம்பலிலும் இரவு முழுவதும் பானைகளைப் புதைத்து வைத்து, ஃபூல் எனும் அவரைப் பருப்பை வேகவைத்து, காலையில் ஏழைகளின் உணவாக விற்றனர். முந்தைய நாளின் குப்பை நீராட வெந்நீராகவும் மறுநாளின் பசியாற்றும் உணவாகவும் மாறியது. புகையை அது ஏற்படுத்தியது உண்மையே. ஆனால் தெருவின் குப்பைக்கு ஒரு விலை இருந்ததால், அதைத் தேடி எடுக்க ஒருவர் வந்தார்.

எரியாததும் விலைபோகாததும் நகருக்கு வெளியே மேடாயின. அவற்றைக் கீமான் என்றனர். கெய்ரோவில் நாள்தோறும் ஆயிரம் தீனார் மதிப்புள்ளவை குப்பைமேட்டில் எறியப்படுகின்றன என்று பெரியோர் சொல்லி வந்ததை மக்ரீஸீ பதிவு செய்கிறார். பால், தயிர், பாலாடைக்கட்டி, சமைத்த உணவு ஆகியவற்றை விற்போர் ஒருமுறை பயன்படுத்தி எறியும் செம்மண் கிண்ணங்கள், பொட்டலம் கட்டும் தாள், நூல் ஆகியவையே அவ்வாறு எறியப்பட்டவை. நாஸிர் குஸ்ரூ வியந்த வளத்தின் கணக்கு இங்கே முடிகிறது. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பழக்கம் நெகிழிப் பையோடு வந்ததென்று எண்ணுவோர்க்கு இது ஒரு செய்தி. வேறுபாடு என்னவெனில், மண்கலம் மண்ணாயிற்று, நெகிழி மண்ணாவதில்லை.

நகரின் கிழக்கே பர்கிய்யா மேடுகள் எழுந்த வரலாற்றையும் மக்ரீஸீ தருகிறார். முகத்தம் பக்கமிருந்து வரும் வெள்ளம் நகருக்குள் புகாதிருக்க, ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாக்கிம் நகரின் மண்ணையும் குப்பையையும் மதிலுக்குப் புறத்தே கொட்டச் செய்தார் என்பது அவர் கூற்று. தொடக்கத்தில் குப்பைக்கும் ஒரு பயன், ஒரு திட்டம் இருந்திருக்கிறது. பின்வந்தோர் திட்டத்தை மறந்தனர், கொட்டுவதை மறக்கவில்லை. ஸலாஹுத்தீன் 1176இல் தொடங்கிய புதிய மதிலும் அம்மேட்டின் அடியில் சிறிது சிறிதாகப் புதைந்தது. சிலுவைப் போராளிகளை அஞ்சி 1168இல் (ஹி. 564) தீயிடப்பட்ட ஃபுஸ்தாத்தின் பெரும்பகுதியும் கெய்ரோவின் குப்பை மேடாகவே முடிந்தது. எதிரியைத் தடுக்க எழுந்த மதிலைக் குடிமக்களின் குப்பை வென்றது.

ஆணைகளின் தூய்மை

இடையிடையே ஆட்சியாளர் விழித்துக்கொண்டதுண்டு. ஸுல்தான் காயித்பாயின் காலத்தில், 1477 வாக்கில், அமீர் யஷ்பக் மின் மஹ்தீ தெருக்களை மறித்த கட்டுமானங்களை இடித்து வழிகளை அகலப்படுத்தினார். 1798இல் நுழைந்த பிரெஞ்சுப் படை, தெருக்களில் இரவெல்லாம் விளக்கெரிக்க வேண்டும், கொள்ளைநோய்க்கு அஞ்சி உடைகளையும் படுக்கைகளையும் வெயிலில் காயவைக்க வேண்டும் என்று ஆணைகள் பிறப்பித்ததையும், மக்கள் அவற்றைத் தம் வாழ்வில் அந்நியரின் தலையீடாகவே கண்டதையும் வரலாற்றாசிரியர் ஜபர்த்தீ எழுதியுள்ளார். முஹம்மது அலியின் ஆட்சியில் (1805–1848), அவர் மகன் இப்ராஹீம் பாஷா, நகருக்கும் நைலுக்கும் இடையே மேற்குப் பக்கம் கிடந்த மேடுகளைச் சமனாக்கி மரங்கள் நடச் செய்தார்.

இவை பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆணையால் வரும் தூய்மை ஆணை இட்டவரின் ஆயுளை மிஞ்சுவதில்லை. மேற்கு மேடுகள் மறைந்தன; கிழக்கு மேடுகள் நின்றன. புது நகரம் மேற்கே விரிந்தது. பழைய நகரத்து ஏழைகள் மேட்டின் நிழலிலேயே இருந்தனர். தூய்மையிலும் ஒரு திசை வேறுபாடு தோன்றிவிட்டது.

சுமப்பவர்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேற்குப் பாலைவனத்தின் தாக்லா சோலையிலிருந்து வந்த முஸ்லிம்கள் கெய்ரோவின் குப்பையைத் தொழிலாகக் கொண்டனர். வாஹிய்யா எனப்பட்ட அவர்கள், கட்டட உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து அங்குள்ள குப்பையை எடுக்கும் உரிமையைப் பெற்றனர். குடியிருப்போரிடம் மாதக் கட்டணம் வாங்கினர். உலர்ந்ததை ஹம்மாம்களுக்கும் ஃபூல் அடுப்புகளுக்கும் விற்றனர். எண்ணெய் அடுப்புகள் வந்தபின் அச்சந்தை தேய்ந்தது.

1930களிலும் 1940களிலும் மேல் எகிப்தின் வறண்ட சிற்றூர்களிலிருந்து கிறித்தவ விவசாயிகள் வந்தனர். உணவுக் கழிவைத் தின்னும் பன்றிகளை வளர்த்த அவர்கள், வாஹிய்யாவோடு உடன்பாடு செய்துகொண்டு வீடுவீடாகச் சென்று குப்பை எடுத்தனர். இவர்களே ஸப்பாலீன். நகரில் பலமுறை இடம்பெயர்க்கப்பட்டு, 1970 வாக்கில் முகத்தம் மலையடியில் பலர் குடியேறினர். தாள், தகரம், கண்ணாடி, துணி, நெகிழி எனத் தரம் பிரித்து, தாம் எடுத்ததில் 80 விழுக்காடு வரை அவர்கள் மறுபயனுக்கு அனுப்பினர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். நகரத்தாரின் வாசல் தூய்மையாக இருந்தது. அவர்களின் வீட்டு முற்றமே நகரின் குப்பைமேடாயிற்று.

2003இல் கெய்ரோவின் துப்புரவு ஸ்பானிய, இத்தாலிய நிறுவனங்களிடம் 15 ஆண்டு ஒப்பந்தமாக ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் மின்கட்டணச் சீட்டோடு சேர்க்கப்பட்டது. எடுத்ததில் 20 விழுக்காட்டை மறுபயனுக்கு உட்படுத்தினால் போதும் என்பது நிபந்தனை. மாடி வாசலுக்கே வந்து எடுத்துச் சென்றவருக்குப் பழகிய மக்கள், தெருமுனைத் தொட்டிக்குத் தாமே சுமந்து செல்ல வேண்டியதாயிற்று. குறுகிய சந்துகளில் பெரிய வண்டிகள் நுழைய இயலவில்லை. நகரின் சந்துகளை அறிந்தவர்களை விலக்கிவிட்டு எழுதிய ஒப்பந்தம் அது.

2009 ஏப்ரல் இறுதியில், உலகெங்கும் பன்றிக் காய்ச்சல் அச்சம் பரவிய வேளையில், நாட்டிலிருந்த சுமார் 3,00,000 பன்றிகளையும் கொல்ல எகிப்து அரசு ஆணையிட்டது. அன்று எகிப்தில் அந்நோய் ஒருவருக்கும் கண்டறியப்படவில்லை. பன்றி வழியாக அது பரவவில்லை என்றும் அந்நடவடிக்கைக்குத் தேவையில்லை என்றும் உலக சுகாதார அமைப்பு கூறியது. அடுத்த மாதங்களில் உணவுக் கழிவு தெருக்களில் குவிந்து அழுகியது. விலங்கு போனபின் அதை வளர்த்தவர் உணவுக் கழிவை எடுக்க வர வேண்டிய காரணம் இல்லாமற் போனது.

பன்றி நமக்கு விலக்கப்பட்டது. அதில் மறுபேச்சில்லை. ஆனால் நாம் விலக்கிய ஒன்றைக் கொண்டு பிழைத்தவரே நம் தெருவை நமக்காகத் தூய்மையாக்கினார் என்பதையும், அவரிடம் அதற்குரிய மாற்று வழியைக் கேட்காமலேயே அவர் பிழைப்பு அழிக்கப்பட்டது என்பதையும் நீதி உணர்வோடு எண்ணிப் பார்க்க வேண்டும். பெருக்குபவருக்கு ஆசிரியரோடு ஒரே பத்திரத்தில் ஊதியம் எழுதிய வக்ஃபுக் காலத்தோடு ஒப்பிட்டால், எங்கே தாழ்ந்தோம் என்பது புலப்படும். ஒப்பந்தக் காலம் முடிந்தது. 2020இல் கழிவு மேலாண்மைக்கென 202ஆம் எண் சட்டம் எகிப்தில் இயற்றப்பட்டது. சட்டத்தின் பயன், சுமப்பவர்க்கு அது தரும் இடத்தைப் பொறுத்தது.

மேட்டை மீட்ட கதை

மீண்டும் பூங்காவுக்கு வருவோம். 1984இல் கெய்ரோவின் நகர வளர்ச்சி பற்றிய கருத்தரங்குக்கு வந்த நான்காம் ஆகா கான் (1936–2025), நகருக்கு ஒரு பூங்காவை அளிக்க முன்வந்தார். கெய்ரோவை நிறுவிய ஃபாத்திமியரைத் தம் முன்னோராகக் கொள்ளும் இஸ்மாயீலிகளின் தலைவர் அவர். ஒதுக்கப்பட்ட இடமோ தர்ராஸா குப்பைமேடு. நகருக்குக் குடிநீர் தரும் மூன்று பெருந்தொட்டிகள், ஒவ்வொன்றும் 80 மீட்டர் விட்டமுடையவை, முதலில் அம்மேட்டினுள் கட்டப்பட்டன. 15 இலட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணும் இடிபாடும் அப்புறப்படுத்தப்பட்டன. உப்பேறிய நிலத்தின் மேல் நல்ல மண் பரப்பி மரங்கள் வளர்க்கப்பட்டன. தோண்டும்போது ஸலாஹுத்தீனின் மதில், சுமார் 1.5 கிலோமீட்டர் நீளத்துக்கு, கொத்தளங்களோடு வெளிப்பட்டது.

அதனினும் பெரிய செய்தி, பணி மதிலோடு நிற்காதது. மதிலின் உட்புறம் வாழ்ந்த அத்தர்புல் அஹ்மர் மக்களின் வீடுகள் செப்பனிடப்பட்டன. உம்முஸ் ஸுல்தான் ஷஃபான் மத்ரஸாவும் கைர்பக் கட்டடத் தொகுதியும் புதுப்பிக்கப்பட்டன. அவ்வட்டாரத்தினர் தச்சும் கல்வேலையும் பயின்று அப்பணிகளிலேயே வேலை பெற்றனர். ஒரு நகரத்தின் அழகைக் கூட்ட முற்படுவோர் முதலில் ஏழைகளை அப்புறப்படுத்துவதே உலக வழக்கு. இங்கே குப்பையை அப்புறப்படுத்தி ஏழைகளை இருத்த முயன்றனர்.

இதைப் பாராட்டும்போதே மற்றொன்றையும் மறத்தல் கூடாது. ஓர் ஆயிரம் ஆண்டுச் சோம்பலைத் திருத்த இருபது ஆண்டுகளும் கோடிக்கணக்கான பணமும் தேவைப்பட்டன. அன்றாடம் ஒரு கூடை என்று எடுத்திருந்தால் எடுத்திருக்கலாம்.

நாம் பெறுவது

கெய்ரோவின் வரலாறு நமக்கு ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அங்கு தெரு அழுக்கானது மக்கள் தூய்மையை விரும்பாததாலன்று. தினம் ஐவேளை உளூச் செய்த மக்கள் அவர்கள். குப்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் இடத்தில், அந்த மறுகை யாருடையது என்பது தெளிவில்லாத போதெல்லாம் தெரு அழுக்காயிற்று. வீட்டாரிடமிருந்து கூலிக்காரருக்கும், அவரிடமிருந்து ஹம்மாம் அடுப்புக்கும் வழி தெளிவாக இருந்த இடத்தில் தூய்மை தானே நிலைத்தது. அச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்த இடத்தில் குன்று எழுந்தது. கஸ்ஸாலியும் நவவீயும் மாவர்தீயும் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்: இது எவர் வாசலிலிருந்து வந்தது, எவர் அகற்ற வேண்டும், எவர் செலவில்?

நம் மஹல்லாக்களில் இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஜமாஅத்தின் ஆண்டுக் கணக்கில் தெருத் துப்புரவுக்கு ஒரு பத்தி உண்டா? குர்பானி நாளின் கழிவு எங்கே போகிறது என்பதை யாரேனும் முன்கூட்டியே எழுதி வைக்கிறோமா? விருந்துக்குப் பின் நெகிழித் தட்டுகளை அள்ளும் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? பாதையின் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளை என்று நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். அகற்றியதை அடுத்தவர் பாதையில் வைப்பது அகற்றல் ஆகாது என்பதையும் சேர்த்து ஓதிக் கொடுக்க வேண்டும். மதிலுக்கு அப்பால் என்று கெய்ரோ மக்கள் நினைத்த இடத்திலும் மனிதர்கள் வாழ்ந்தனர்.